வரப்போகும் ஃபேன்டஸி நாவல்களில் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்க வேண்டாம்?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் புதிதாக வரும் ஃபேன்டஸி, அமானுஷ்ய நாவல்களில் எவற்றை நம்பி எதிர்பார்க்கலாம்? பட்டியல் போடுவது சுலபம். ஜனவரி பிறந்ததுமே 'இந்த ஆண்டு தவறவிடக் கூடாத ஐம்பது' என்று பல தளங்கள் போட்டுவிடுகின்றன. அந்தப் பட்டியல்களில் உள்ள கோளாறு, அச்சுக்குப் போய்விட்ட புத்தகத்தையும் எழுத்தாளரின் தலைக்குள் மட்டுமே இருக்கும் புத்தகத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது. அதனால் ஒரு புத்தகம் நிஜமாகவே வருகிறதா என்று கண்டுபிடிக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் பிறகு.

முதலில் தேதியின் கிழமையைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பகங்கள் புத்தகங்களைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை வெளியிடும், பிரிட்டனில் வியாழக்கிழமை. ஆர். எஃப். குவாங்கின் 'கதாபாசிஸ்' அமெரிக்காவில் வந்த 2025 ஆகஸ்ட் 26 செவ்வாய். பிலிப் புல்மனின் 'தி ரோஸ் ஃபீல்ட்' வந்த 2025 அக்டோபர் 23 வியாழன். விதிவிலக்குகள் உண்டு, பிராண்டன் சாண்டர்சனின் 'விண்ட் அண்ட் ட்ரூத்' 2024 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை வந்தது. ஆனால் டிசம்பர் 31 என்றோ, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றோ விற்பனைத் தளத்தில் தேதி இருந்தால், அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக யாரோ நிரப்பி வைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் முன்பதிவு செய்து பணத்தை முடக்க வேண்டாம்.

அடுத்து, புத்தகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. 'எழுதி முடித்துவிட்டேன்' என்று எழுத்தாளர் சொன்னால் வாசகர்களுக்கு அடுத்த மாதமே கடைக்கு வருவதுபோலக் கேட்கும். பெரும்பாலும் அது முதல் வரைவு மட்டுமே. அதற்குப் பிறகு கதையின் கட்டுமானத்தையே ஆட்டிப் பார்க்கும் திருத்தம், வரி வரியாக ஒரு திருத்தம், எழுத்துப்பிழையும் முன்பின் முரணும் பார்க்கும் திருத்தம், பக்கம் கட்டிய பின் மெய்ப்பு என்று வரிசையாக இருக்கின்றன. தடிமனான ஃபேன்டஸிக்கு இதற்கெல்லாம் ஓராண்டு ஆவது சாதாரணம். முரண் பார்ப்பது இந்த வகை நாவலில் தனித் தலைவலி. இரண்டாம் பாகத்தில் இடது கையில் இருந்த தழும்பு நான்காம் பாகத்தில் வலது கைக்குப் போய்விட்டால் ரசிகர்கள் விடமாட்டார்கள். சாண்டர்சன் இதற்காகவே ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று சுற்று வாசகர் குழுக்களை வைத்திருக்கிறார்; காமா சுற்று கிட்டத்தட்ட பிழை பொறுக்குவதற்கென்றே.

அட்டைப்படம் வந்துவிட்டதே என்று துள்ள வேண்டாம். படம் சீக்கிரமே தயாராகிவிடும். ஆடியோ நூலுக்கு யார் குரல் என்று அறிவித்திருந்தால் அது கொஞ்சம் பலமான அடையாளம். விமர்சகர்களுக்கான முன்பிரதி வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் கிட்டத்தட்ட உறுதி. பொதுவாக வெளியீட்டுக்கு நான்கைந்து மாதம் முன்பே அது கிளம்பிவிடும். 'கிர்க்கஸ்', 'பப்ளிஷர்ஸ் வீக்லி' போன்ற வணிக இதழ்களில் மதிப்புரை வந்துவிட்டால் தேதி இனி பெரும்பாலும் நகராது. ஒன்றே ஒன்றை மட்டும் அடியோடு நம்பக் கூடாது: வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தின் பக்கம். அங்கே எழுதி முடிக்கப்படாத நாவலுக்கும் பக்கம் இருக்கும், ஐந்து நட்சத்திர மதிப்பீடும் இருக்கும். ஆசைக்கும் எரிச்சலுக்கும் போட்ட நட்சத்திரங்கள் அவை.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் ஒரு நாவல் எப்படித் தாமதமாகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில், 2005இல் நான்காம் நூல் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' வந்தது. எழுத எழுதப் பெருத்துப்போனதால் அதை இரண்டாக வெட்ட வேண்டியிருந்தது. காலவரிசைப்படி வெட்டாமல் இடவாரியாக வெட்டினார். பாதிப் பாத்திரங்களின் கதை முழுதாக இதில், மீதிப் பாதி அடுத்ததில். நூலின் கடைசியில் வாசகர்களுக்கு ஒரு குறிப்பும் எழுதினார்: அடுத்த நூல் அடுத்த ஆண்டே வரும் என்று நம்புகிறேன் என்ற பொருளில். அச்சில் வந்த குறிப்பு அது. அந்த அடுத்த நூலான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' கடைக்கு வந்தது 2011 ஜூலை 12இல்.

ஆறு ஆண்டு எங்கே போனது? மூன்றாம் நூலுக்குப் பிறகு கதையில் ஐந்து ஆண்டு இடைவெளி விட்டு, குழந்தைப் பாத்திரங்களை வளர்த்துக்கொண்டு தொடர்வது அவருடைய பழைய திட்டம். எழுதிப் பார்த்தபோது பலருக்கு அந்த இடைவெளி ஒத்துவரவில்லை, கைவிட்டார். அப்புறம் மீரின் என்ற நகரம். பல திசைகளிலிருந்து பல பாத்திரங்கள் அங்கே வந்து சேர வேண்டும். யார் முதலில் வருகிறார், யார் பிறகு வருகிறார் என்பதை மாற்றினால் எல்லோருடைய கதையும் மாறும். ஒரு அத்தியாயத்தைத் திருத்தினால் அதற்கு முன்னும் பின்னும் நாலு அத்தியாயம் கலையும். 'மீரினீஸ் முடிச்சு' என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். கடைசியில் பாரிஸ்டன் செல்மி என்ற கிழ வீரரின் பார்வையில் அத்தியாயங்களைச் சேர்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஆறாம் நூலான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' 2015 கடைசிக்குள் முடியும் என்று பதிப்பாளர்களோடு பேசி வைத்திருந்த கெடு தாண்டிவிட்டது. 2016 ஜனவரி தொடக்கத்தில் நூல் முடியவில்லை என்று அவரே தன் வலைப்பதிவில் எழுதினார். இனி கெடு எதுவும் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றும் அதில் சொன்னார். சரியான முடிவுதான்.

மார்ட்டின் எழுத்தாளர்களைத் தோட்டக்காரர், கட்டடக் கலைஞர் என்று இரு வகையாகப் பிரிப்பார். தன்னைத் தோட்டக்காரர் பக்கம் வைத்துக்கொள்வார். விதை போட்டுத் தண்ணீர் ஊற்றுவார், என்ன வளரும் என்பது வளர்ந்த பிறகே தெரியும். இந்தப் பிரிவு உங்களுக்கும் உதவும். தோட்டக்காரர் சொல்லும் தேதியை மனதில் குறித்து வைக்காதீர்கள், அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும்.

பேட்ரிக் ராத்ஃபஸ் விஷயம் கொஞ்சம் வேறு. 2007இல் 'தி நேம் ஆஃப் த விண்ட்' வந்தபோது மூன்று பாகமும் எழுதப்பட்டுவிட்டதாகச் சொல்லப்பட்டது. இரண்டாம் பாகம் 2011இல் வந்தது. பிறகு 2023 நவம்பரில் 'தி நேரோ ரோட் பிட்வீன் டிசையர்ஸ்' என்ற சிறு நூல் ஒன்று வந்தது. அதுவும் பழைய குறுநாவல் ஒன்றின் விரித்த வடிவம். மூன்றாம் பாகத்துக்கான காத்திருப்பு தொடர்கிறது. இருந்த மூன்று பாகமும் பொய்யல்ல, வரைவு. முதல் பாகத்தை மெருகேற்ற ஏற்ற, கையில் இருந்த மூன்றாவது வரைவு பொருந்தாமல் போகும். மூன்றும் எழுதியாகிவிட்டது என்று எந்தப் புது எழுத்தாளருக்கு விளம்பரம் செய்தாலும் இதை நினைவில் வையுங்கள். முதல் பாகத்தின் மொழிநடை உண்மையிலேயே அழகு, படிக்கலாம். ஆனால் முடிவு தெரியாமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டு படியுங்கள்.

'இன்னும் ஒரே ஒரு பாகம்தான்' என்ற அறிவிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ராபர்ட் ஜோர்டான் 'வீல் ஆஃப் டைம்' வரிசையின் பன்னிரண்டாம் நூலோடு முடித்துவிடுவதில் பிடிவாதமாக இருந்தார். 2007இல் அவர் காலமானார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மக்டூகல் தேர்ந்தெடுத்த சாண்டர்சன், ஜோர்டான் விட்டுப்போன குறிப்புகளையும் எழுதி வைத்திருந்த பகுதிகளையும் கொண்டு முடிக்க உட்கார்ந்தார். அந்த ஒரு நூல் 2009, 2010, 2013 என மூன்று நூல்களாக வந்தது. மொத்தம் பதினான்கு, அதோடு ஒரு முன்கதை. இன்று இந்த வரிசையைத் தொடங்குபவருக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை. எட்டு முதல் பத்துவரையான பாகங்களில் கதை தவழும், அந்தத் தொல்லை மட்டும் உண்டு. பத்தாம் பாகத்தில் பக்கங்களைப் புரட்டித் தாண்டினால் பெரிய நஷ்டமில்லை.

சரி, யாரை நம்பலாம்? நேரம் தவறாமை என்று பார்த்தால் சாண்டர்சன்தான். எந்தப் புத்தகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தன் தளத்தில் சதவீதக் கணக்கு வைத்திருப்பார். ஆண்டுதோறும் டிசம்பரில் அடுத்த சில ஆண்டுகளுக்கான திட்டத்தை விரிவாக எழுதுவார். 2022 மார்ச்சில், வாசகர்களிடம் முன்கூட்டிப் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நான்கு நாவல்களுக்கு 4 கோடியே 17 லட்சம் டாலர் திரண்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். தொகையை மட்டுமே எல்லோரும் பேசினார்கள். கவனிக்க வேண்டியது, அந்த நான்கையும் அவர் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டுத்தான் பணம் கேட்டார். 2023இல் காலாண்டுக்கு ஒன்றாக நான்கும் வந்து சேர்ந்தன. அவரை முதல்முறை படிப்பவர் அந்த நான்கில் 'ட்ரெஸ் ஆஃப் தி எமரால்ட் ஸீ' நாவலில் தொடங்கலாம். தனிக் கதை, அளவும் மிரட்டாது.

அவருடைய 'ஸ்டார்ம்லைட்' வரிசை பத்து நூல் திட்டம், ஐந்து ஐந்தாக இரண்டு அடுக்கு. 'விண்ட் அண்ட் ட்ரூத்' முதல் அடுக்கின் கடைசி. அடுத்து தன் இன்னொரு வரிசையான 'மிஸ்ட்பார்ன்' உலகத்தின் மூன்றாம் காலகட்டத்துக்குப் போகிறார். அதன் மூன்று நூல்களையும் எழுதி முடித்துவிட்டுத்தான் முதலாவதை வெளியிடுவது என்பது திட்டம். ஸ்டார்ம்லைட்டின் ஆறாம் நூல் அவர் கணக்குப்படியே 2030க்குப் பிறகுதான். ஆக, மிஸ்ட்பார்னை எதிர்பார்க்கலாம், ஸ்டார்ம்லைட்டை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். குறை சொல்ல வேண்டுமென்றால், வேகத்துக்குக் கொடுக்கும் விலை மொழியில் தெரியும். வாக்கியத்தை ரசித்துப் படிப்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார்.

அப்படிப்பட்டவர்களுக்கு சுசானா கிளார்க். 2004இல் முதல் பெருநாவல், அடுத்த நாவலான 'பிரனேசி' 2020இல். நடுவில் நீண்ட நோய். 'பிரனேசி' முந்நூறு பக்கத்துக்குள் அடங்கும், 2021இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்றது. பதினாறு ஆண்டு இடைவெளி வாசகர்களைக் கசக்கச் செய்யவில்லை, ஏனென்றால் முதல் நாவல் தன்னளவில் முடிந்த கதை. யாரையும் அந்தரத்தில் தொங்கவிட்டுப் போகவில்லை. புல்மன் செய்தது அதற்கு நேர்மாறு. 'தி புக் ஆஃப் டஸ்ட்' இரண்டாம் பாகம் 2019இல் பாதிப் பயணத்தில் நின்றது. மூன்றாவதான 'தி ரோஸ் ஃபீல்ட்' ஆறு ஆண்டு கழித்து வந்தது. ஆனால் வெளியீட்டு அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே சுமார் ஆறு மாதம்தான். இப்படி நெருக்கத்தில் வரும் அறிவிப்பு என்றால் பிரதி பதிப்பாளர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று ஆண்டு முன்கூட்டி வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஒப்பந்தச் செய்தி.

அமானுஷ்யப் பக்கம் வந்தால் நிலைமை கொஞ்சம் ஆரோக்கியம். இந்த நாவல்கள் ஒல்லி, தனிக் கதைகள் அதிகம். 2025இல் வந்தவற்றில் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸின் 'தி பஃபலோ ஹண்டர் ஹண்டர்'. மான்டானாவில் 1912இல் ஒரு லூத்தரன் போதகர் எழுதிய நாட்குறிப்பு. அதற்குள் பிளாக்ஃபீட் பழங்குடி ஆள் ஒருவன் சொல்லும் வாக்குமூலம். அவன் ரத்தம் குடிப்பவன். 1870 ஜனவரி 23இல் மரியாஸ் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படை ஏறத்தாழ இருநூறு பிளாக்ஃபீட் மக்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்த நிஜப் படுகொலையின் மீதுதான் நாவல் நிற்கிறது. இதில் வரும் ரத்தக் காட்டேரிக்கு ஒரு விதி உண்டு: எதன் ரத்தத்தைக் குடிக்கிறானோ மெல்ல அதுவாகவே மாறுவான். வெள்ளையரைக் கொன்று குடித்தால் வெள்ளையனாகத் தொடங்குவான். தன் இனத்தானாகவே இருக்க வேண்டுமென்றால் யாருடைய ரத்தம் வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே விதியில் முழு வரலாற்றையும் பிடித்துவிடுகிறார். போதகரின் பழைய ஆங்கிலமும் பழங்குடிப் பேச்சுமாக முதல் ஐம்பது பக்கம் கடினம். காட்டெருமை, எலி, படைவீரன் எல்லாவற்றுக்கும் அவன் தன் வழக்கில் வேறு பெயர் சொல்வான். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு ஓடும்.

'கதாபாசிஸ்' வேறு ருசி. கேம்பிரிட்ஜில் மாயவித்தை ஆராய்ச்சி செய்யும் இரண்டு மாணவர்கள், செத்துப்போன நெறியாளரைத் தேடி நரகத்துக்குப் போகிறார்கள். அவர் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் வேலை கிடைக்காது. போவதற்குக் கட்டணம், மிச்சமிருக்கும் ஆயுளில் பாதி. ஆராய்ச்சி மாணவராக இருந்தவர்களுக்கு இது நகைச்சுவையா யதார்த்தமா என்று சந்தேகம் வரும். தர்க்கப் புதிர்களை விளக்கும் இடங்களில் கதை நின்றுவிடுகிறது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வி. இ. ஷ்வாபின் 'பரி அவர் போன்ஸ் இன் த மிட்நைட் சாயில்' 1532 ஸ்பெயின், 1827 லண்டன், 2019 பாஸ்டன் என்று மூன்று காலங்களில் மூன்று பெண்கள். மெதுவாக நகர்வதை விரும்புபவர்களுக்கு.

தொடர்ந்து வரும் வரிசை வேண்டுமென்றால் பென் ஆரனோவிச். 2011இல் தொடங்கிய 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்'. கோவென்ட் கார்டனில் ஒரு கொலை. சாட்சி சொல்ல வருவது ஒரு ஆவி. வாக்குமூலம் எடுக்க நிற்பவர் லண்டன் போலீஸ் கான்ஸ்டபிள். பத்தாவது நாவல் 'ஸ்டோன் அண்ட் ஸ்கை' 2025இல் வந்தது, களம் ஸ்காட்லாந்தின் அபெர்டீன். ஒவ்வொரு நாவலும் ஒரு வழக்கை முடித்துவிடும், ஆகவே அடுத்தது தாமதமானாலும் உறுத்தாது. நடுநடுவே குறுநாவல்களும் காமிக்ஸ்களும் உண்டு. காமிக்ஸைத் தாராளமாக விடலாம்.

மாயவித்தைக்காரத் துப்பறிவாளர் ஒருவரின் கதையான ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' 2000 முதல் 2014 வரை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றாகப் பதினைந்து நாவல்கள். பிறகு ஆறு ஆண்டு மௌனம். 2020இல் ஒரே நாவல் பெருத்து இரண்டாகி, சில மாத இடைவெளியில் இரண்டும் வந்தன. பழைய வேகத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இவர் உதாரணம். புதிதாகத் தொடங்குவோர் முதல் இரண்டை மன்னிக்க வேண்டும், மூன்றிலிருந்துதான் கை பழகுகிறது.

வரும் ஆண்டுகளின் பெயர்களை நீங்களே பொறுக்க வேண்டுமென்றால் 'லோகஸ்' இதழைப் பாருங்கள். வரவிருக்கும் நூல்களைப் பதிப்பகவாரியாகப் போடுவார்கள். முந்தைய ஆண்டின் நல்ல நூல்களின் பட்டியல் பிப்ரவரியை ஒட்டி வரும். பேய்க்கதைகளுக்கு பிராம் ஸ்டோக்கர் விருதின் இறுதிப் பட்டியல் போதும். வெற்றி பெற்றதைவிடப் பட்டியலில் நின்றவை பல சமயம் மேல்.

காத்திருப்பதற்கு முன் நேரக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 'விண்ட் அண்ட் ட்ரூத்' 1,300 பக்கத்துக்கு மேல், நான்கரை லட்சம் சொற்களுக்குக் குறையாது. நிமிடத்துக்கு 250 சொல் படிப்பவருக்கு முப்பது மணி நேரம். ஆங்கிலத்தை நிதானமாக நிமிடத்துக்கு 150 என்று படித்தால் ஐம்பது. புதுப் பாகம் வருகிறதே என்று ஐந்தையும் முதலிலிருந்து படிப்பது இருபது லட்சம் சொல் வேலை; யாரும் முடிப்பதில்லை. முந்தைய பாகத்தின் கடைசி நூறு பக்கமும், இணையத்தில் கிடைக்கும் அத்தியாயச் சுருக்கமும் போதும்.

கடைசியாக, இந்தியாவில் வாங்கும்போது நடக்கும் ஒரு தவறு. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்புகள். பேப்பர்பேக்கில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டினால் பசையில் ஒட்டிய முதுகு பிளந்துவிடும், அதனால் பிரித்துப் போடுகிறார்கள். ஸ்டார்ம்லைட் நூல்கள் 'பார்ட் ஒன்', 'பார்ட் டூ' என்று தனித்தனியாக விற்கும். அட்டையில் அந்த எழுத்து பொடிசாக இருக்கும். முதல் பாதியை மட்டும் வாங்கி, கதை திடீரென்று அறுந்துவிட்டது என்று மதிப்புரையில் திட்டுபவர்கள் உண்டு. மார்ட்டினின் ஐந்து நூல்களும் இங்கே ஏழு புத்தகப் பெட்டியாகவே வருகின்றன. மூன்றாவதும் ஐந்தாவதும் இரண்டிரண்டு. அவர் திட்டமிட்டிருப்பதும் ஏழு நூல்கள் என்பதால், ஏழும் வந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பெட்டியைப் பரிசாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.